தொலைபேசி வழியே ஒரு துணை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதைப் பேச என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: தொலைபேசியை எடுத்து, மறுமுனையில் இருப்பவர் சொல்வதைக் கேட்பது. கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில், மனநலச் சிகிச்சையில் இருந்தவர்களோடு தொலைபேசியில் பேசும் பணியில் இருந்தேன். அதைப் பற்றியே பேசுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். 'விழா நாளில் இதெல்லாம் பேசலாமாங்க?' என்று நான் கேட்டதற்கு, 'பெற்றோரெல்லாம் ஒண்ணா வர்றது இந்த ஒரு நாள்தான்' என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் என்னிடம் பேசியவர்கள் ஒருவருடைய கதையையும் இங்கே சொல்லப் போவதில்லை. பேரை மாற்றியும் சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்கள் கண் கலங்கும்; கைதட்டலும் கிடைக்கும். ஆனால் நம்பிச் சொன்னதை நாலு பேர் முன்னால் வைப்பது இந்த வேலைக்கு ஆகாது. இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் நாளைக்கே இப்படி ஓர் எண்ணைக் கூப்பிட நினைக்கலாம். 'மேடையில சொல்லிடுவாங்களோ' என்ற பயம் அவருக்கு வந்துவிடக் கூடாது. ஆகவே, அந்த வேலை எப்படி நடக்கிறது, அதில் நமக்கு என்ன பாடம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கதவு மூடிய காலம்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளி மூடியது, கோயில் மூடியது, கடைத்தெரு அடங்கியது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து, சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவர்தான் போகலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள்தான் என்றார்கள். அதற்குப் பிறகு ஆணை தளர்ந்தது. 2021 ஜனவரியில் மறுபடி இறுகியது. ஜூன் முதல் தேதியிலிருந்து முழு அடைப்பு வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போக, தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்களுக்கு வழி பிறந்தது 2021 அக்டோபரில்தான். இதெல்லாம் நீங்கள் பட்டு அறிந்தது. பிள்ளைகள் ஒரே கைப்பேசியைப் பங்கு போட்டுக்கொண்டு இல்லிருப்புக் கற்றல் நடத்திய காலம் அது.

அந்தக் காலம் மனநல மருந்து சாப்பிடுகிற ஒருவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அவருக்கு மாதம் ஒருமுறை மருத்துவமனைச் சீட்டு இருக்கும். சிலருக்கு மாத்திரை, சிலருக்கு மாதாந்திர ஊசி. அந்த ஒரு நாள் பயணம், அங்கே பேர் சொல்லிக் கூப்பிடும் தாதி, 'தூக்கம் வருதா?' என்று கேட்கும் மருத்துவர், திரும்பும்போது பஸ் நிலையத்தில் ஒரு தேத்தண்ணி, இவையெல்லாம் சேர்ந்ததுதான் அவருக்குச் சிகிச்சை. மருந்து மட்டும் இல்லை. மனம் நோயுற்றவர்களுக்கு அன்றாட ஒழுங்கு ஒரு கைத்தடி மாதிரி. காலையில் பெரட்டு, மாலையில் கோயில், இடையில் இரண்டு வார்த்தை பேச ஒரு கூட்டாளி. பெருந்தொற்று ஒரே நாளில் அந்தக் கைத்தடியைப் பிடுங்கிவிட்டது.

அதோடு பயம் வேறு. நோய் பயம், வேலை போகும் பயம், ஆஸ்பத்திரிக்குப் போனால் கிருமி ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். 'சீட்டுக்குப் போகாம இருந்துடலாம், மாத்திரை இல்லாம பார்க்கலாம்' என்று இருந்துவிட்டவர்கள் உண்டு. திடமான மனம் உள்ளவர்களுக்கே அந்தக் காலம் கனத்தது. பெருந்தொற்றின் முதலாண்டில் உலகெங்கும் மனச்சோர்வும் மனப்பதற்றமும் 25 விழுக்காடு கூடின என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 4.6 விழுக்காடு. சரியாக இரண்டு மடங்கு.

அப்போது மிஞ்சிய வழி தொலைபேசிதான். நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி ஒரு வாரத்தில், 2020 மார்ச் 25ஆம் தேதி, சுகாதார அமைச்சும் மெர்சி மலேசியா தொண்டு நிறுவனமும் சேர்ந்து மன ஆதரவுக்கென்று ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கின. ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் அதற்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. மருத்துவமனைகளும் வரமுடியாத நோயாளிகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தன. மருந்தை அஞ்சலில் அனுப்பும் ஏற்பாடு முன்பே இருந்தது. அந்தக் காலத்தில் அது பலருக்குக் கைகொடுத்தது.

தேத்தண்ணி கொடுத்தவர்கள்

தொலைபேசியில் உயிர் காக்கும் இந்த வேலை எங்கே தொடங்கியது என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் சாட் வாரா என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1935இல், இளம் பாதிரியாராக, அவர் ஒரு சிறுமியின் இறுதிச் சடங்கை நடத்த வேண்டி வந்தது. பெண் பிள்ளைகளுக்கு இயல்பாக வருகிற மாதவிலக்கைப் பெரிய நோய் என்று பயந்து, கேட்க ஆளில்லாமல், அந்தப் பிள்ளை உயிரை விட்டுவிட்டது. ஒரே ஒருவர் உட்கார்ந்து விளக்கிச் சொல்லியிருந்தால் அது வாழ்ந்திருக்கும். அந்தத் துக்கம் அவரை விடவில்லை. 1953 நவம்பர் 2ஆம் தேதி, இலண்டனில் ஒரு தேவாலயத்தில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, 'சாகலாம் என்று தோன்றுகிறவர்கள் கூப்பிடுங்கள்' என்றார்.

ஆட்கள் நேரிலும் வந்து குவிந்தார்கள். அவர்கள் காத்திருக்கும் நேரத்தில் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்கச் சில தொண்டர்களை வைத்தார். சில நாட்களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். வெளியே தேநீர் கொடுத்தவர்களிடம் மனம்விட்டுப் பேசியவர்கள் பலர், உள்ளே வந்து பாதிரியாரைப் பார்க்கவே இல்லை. பாரம் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தத் தொண்டர்கள் படித்த மருத்துவர்கள் இல்லை. பொறுமையாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். அதைக் கண்டு 1954இல் அந்தக் கேட்கும் வேலையை அவர் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் என்ற அந்த இயக்கத்தின் வழியில் சிங்கப்பூரில் 1969இலும், கோலாலம்பூரில் 1970இல் பிஃப்ரெண்டர்ஸ் என்ற பெயரிலும் சேவை தொடங்கியது.

நம் லயத்து வீடுகளில் இதே வேலையைப் பேர் வைக்காமல் செய்த பாட்டிகள் இருந்தார்கள். 'வா தாயி, உட்காரு, தேத்தண்ணி குடி, என்னா ஆச்சு சொல்லு' என்பார்கள். லயம் போய், அடுக்குமாடி வீடு வந்த பிறகு அந்தப் படிக்கட்டுப் பேச்சு குறைந்துவிட்டது.

காதே கண்ணாக

தொலைபேசியில் முகம் தெரியாது. ஆகவே காதுதான் கண். பேச்சு இழுக்கிறதா, மூச்சு வேகமாக இருக்கிறதா, பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்கிறதா, இல்லை ஒரு சத்தமும் இல்லாமல் ஆள் தனியாக இருக்கிறாரா என்று காதாலேயே பார்க்க வேண்டும்.

பெருந்தொற்றுக் காலத்தில் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள். இரண்டு அறை வீட்டில் எங்கே போய்ப் பேசுவது? குளியலறையிலும், வீட்டுப் பின்கட்டிலும், மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தும் பேச வேண்டியிருந்தது. அப்படி இருக்கும்போது நாங்கள் கேள்வியை மாற்றிக்கொள்வோம். 'பக்கத்தில ஆள் இருக்காங்களா? நான் கேட்கிறேன், நீங்க ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க' என்போம். வீட்டுக்குள்ளேயே அடி உதை படுகிறவர்களுக்கு இந்த முறை மிகவும் பயன்பட்டது.

அடுத்து, ரொம்பச் சாதாரணமான கேள்விகள். 'பசியாறிட்டீங்களா? ராத்திரி தூங்கினீங்களா? மாத்திரை எத்தனை நாளைக்கு மிச்சம் இருக்கு?' இவை சும்மா கேட்பவை இல்லை. இரண்டு நாள் தூங்காதவருக்கு, பட்டினி கிடப்பவருக்கு, மாத்திரை தீர்ந்துபோனவருக்கு மனம் சீக்கிரம் உடையும். சில வேளைகளில், அந்தப் பேச்சில் செய்யக்கூடிய பெரிய உதவி மாத்திரைக்கு ஏற்பாடு செய்வதுதான்.

பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். இதுதான் கஷ்டம். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாப் போயிடும்' என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். அப்படிச் சொன்னால், 'இவருக்கும் புரியல' என்று அவர் போனை வைத்துவிடுவார். அவர் அழுதால் அழ விட வேண்டும். பேச்சு நின்றால், 'நான் இருக்கேன், மெதுவாச் சொல்லுங்க' என்று காத்திருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி

பெற்றோர்களே, இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். ஒருவருடைய பேச்சில் சந்தேகம் தட்டினால், நாங்கள் சுற்றி வளைக்காமல் கேட்போம்: 'உயிரை விட்டுடலாம்னு தோணுதா?'

கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போல ஆகாதா என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்று உலகெங்கும் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. யாரிடமும் சொல்ல முடியாமல் அடக்கி வைத்திருந்தவருக்கு, ஒருவர் பதறாமல் கேட்டதே பெரிய ஆறுதல்.

'ஆமா' என்று பதில் வந்தால் மேலும் மூன்று கேட்போம். எப்படி, எப்போது என்று தீர்மானித்துவிட்டாரா? அதற்கு வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? கூட யாராவது இருக்கிறார்களா? இந்த மூன்றுக்கும் வரும் பதிலைப் பொறுத்து அடுத்த வேலை. ஆபத்தான பொருளை வேறு ஒருவர் கையில் கொடுக்கச் சொல்வோம். அண்ணனோ, அக்காவோ, பக்கத்து வீட்டுக்காரரோ வந்து உட்காரும் வரைக்கும் போனை வைக்க மாட்டோம். ஆபத்து மிக நெருங்கியிருந்தால் 999. இரகசியம் காப்போம் என்று சொன்னோமே, அதற்கு விதிவிலக்கு இந்த இடம். உயிர் போகும் நிலையில், அவரிடம் சொல்லிவிட்டே, உதவியைக் கூப்பிடுவோம்.

சாக வேண்டும் என்ற அந்த வேகம் பெரும்பாலும் அலைபோல வரும், கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு இறங்கும். அந்த நேரத்தைக் கடக்க ஒருவர் கூட இருந்தால் போதும். ஆகவே நாங்கள் வாழ்நாள் முழுவதற்கும் திட்டம் போடுவதில்லை. இன்று இரவுக்குத் திட்டம் போடுவோம். யார் கூடப் படுப்பது, காலையில் யாருக்குப் போன் பண்ணுவது, என்ன சாப்பிடுவது. கடைசியில், 'நாளைக்குப் பத்து மணிக்கு நான் கூப்பிடுறேன்' என்று சொல்வோம். சொன்னால் பத்து மணிக்குக் கூப்பிட்டே ஆக வேண்டும். மனம் நொந்தவர் அந்தப் பத்து மணியைப் பிடித்துக்கொண்டுதான் இரவைக் கழிப்பார்.

வெள்ளைத் துணி

2021 ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் நம் நாட்டில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வேலையும் வருமானமும் இல்லாத குடும்பங்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணியைக் கட்டின. 'அரிசி இல்லை' என்று வாயால் சொல்லக் கூச்சம், துணி சொன்னது. பார்த்தவர்கள் இனம், மதம் பார்க்காமல் அரிசி, முட்டை, பால் மாவு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வயிற்றுப் பசிக்கு இப்படி வெளிப்படையாகக் கைநீட்டக் கற்றுக்கொண்டோம். மன வேதனைக்கு ஏன் துணி கட்ட மாட்டேன் என்கிறோம்?

ஒரு காரணம் சட்டம். தற்கொலைக்கு முயல்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று நம் குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு சொல்லிக்கொண்டிருந்தது. பிழைத்து வந்தவரைப் போலீஸ் விசாரிக்கும் என்ற பயத்தில் குடும்பங்கள் வாய் திறக்கவில்லை. 2023இல் நம் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. சிங்கப்பூரில் 2020 ஜனவரி முதல் அது குற்றமில்லை. ஆகவே இன்று அந்தப் பயம் வேண்டாம். அவர் குற்றவாளி இல்லை, உதவி வேண்டியவர்.

இன்னொரு காரணம் நம் நாக்கு. யாராவது கொஞ்சம் மாறிப் பேசினால், 'இவன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்' என்று சிரிக்கிறோம். அங்கே இருப்பது 1911இல் தொடங்கிய மருத்துவமனை. அதன் இன்றைய பேரில் பகாகியா என்ற சொல் இருக்கிறது. மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். சிறுநீரகத்துக்கு மருத்துவமனை போனவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போகிறோம். மனத்துக்கு மருத்துவமனை போனவரைப் பார்க்க யாராவது போகிறோமா? அவருடைய தங்கைக்கு வரன் தட்டிப்போகும் என்று அடுத்த லயத்துக்குக்கூடத் தெரியாமல் மறைக்கிறோம். மறைப்பதால்தான் மாத்திரை நிற்கிறது. மாத்திரை நின்றால் நோய் திரும்புகிறது.

பேய் பிடித்தது, சூனியம் வைத்தார்கள் என்று மாதக்கணக்கில் அலைகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாமி கும்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. விபூதியும் பூசுங்கள், மருந்தையும் நிறுத்தாமல் கொடுங்கள். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் கையில் இருக்கட்டும்.

நாம் செய்யக்கூடியது

தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, இரண்டு நாள் பெரட்டுக்கு வராத ஆளை 'போதையில கிடப்பான்' என்று விட்டுவிடாதீர்கள். போய்க் கதவைத் தட்டுங்கள். களைக்கொல்லி, பூச்சி மருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். ஸ்டோரிலேயே பூட்டி வையுங்கள். கோபமும் துக்கமும் உச்சத்தில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம், ஒரு பூட்டும் சாவியும் உயிரைக் காப்பாற்றும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினாலோ, கூட்டாளிகளை விட்டு விலகினாலோ, ஆசையாக வைத்திருந்த பொருளை எல்லாம் பிறருக்குக் கொடுத்தாலோ, 'நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி' என்றாலோ, திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 2022இல் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் நடத்திய சுகாதார ஆய்வில் நால்வரில் ஒருவர் மனச்சோர்வு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். நம் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் உண்டு. இன்று பரிசு வாங்காத பிள்ளையை வீட்டுக்குப் போகும் வழியில் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். இது என் தாழ்மையான வேண்டுகோள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் நண்பனோ தோழியோ, 'செத்துப் போயிடலாம்னு இருக்கு, யார்கிட்டயும் சொல்லாதே' என்று சொன்னால், அந்தச் சத்தியத்தை நீங்கள் காக்க வேண்டாம். அன்றைக்கே ஆசிரியரிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள். நண்பன் கோபித்துக்கொள்வான், கோபித்துக்கொள்ள அவன் இருப்பான். ஒருவர் சொல்லி மற்றவர் நம்பாவிட்டால், நம்புகிற ஆள் கிடைக்கும் வரை அடுத்தவரிடம் சொல்லுங்கள். 'பைத்தியம்' என்று கூப்பிட்டு விளையாடுவதையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேட்கிறவருக்கும் பாரம் உண்டு. ஒவ்வொரு அழைப்பும் முடிந்த பிறகு, எங்களில் ஒருவர் இன்னொருவரிடம் பேசி இறக்கி வைப்போம். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து தனியே பேசியபோது அதுதான் குறைந்தது. ஆகவே வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் தாய்மாரையும் விசாரியுங்கள். 'உங்களுக்கு எப்படி இருக்கு?' என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

இந்த எண்களை எழுதிக்கொள்ளுங்கள். விழா மலரிலும் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய ஹீல் சேவை, 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், இரவும் பகலும், 03-7627 2929. வீட்டில் அடி உதை, கொடுமை என்றால் தாலியான் காசே, அதுவும் இரவும் பகலும், 15999. உயிருக்கு ஆபத்து என்றால் 999. சிங்கப்பூரில் உள்ள உறவினர்களுக்கு சமாரிட்டன்ஸ் எண் 1767. தமிழில் பேச ஆள் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். அந்த நேரத்தில் இல்லையென்றால், எப்போது இருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலாயில் நாலு வார்த்தை தெரிந்தாலும் போதும், கூப்பிடுங்கள். பேர் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் சொல்ல வேண்டாம். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், 'எனக்கு மனசு சரியில்ல' என்று ஆரம்பியுங்கள். மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

பிள்ளைகள் பரிசுக்காகக் காத்திருக்கிறார்கள். நான் நேரம் எடுத்துக்கொண்டேன். எண்களை எழுத வசதியில்லாத தாய்மார்கள், விழா முடிந்ததும் ஆசிரியரிடம் கேட்டால், பிள்ளையின் பயிற்சி நோட்டில் எழுதிக் கொடுப்பார்கள்.